128 முடிவுகளும் ஒரு காபியும்

நண்பரின் மகன் ஒருவன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். தோளில் லேப்டாப் பை, முகத்தில் மூன்று நாள் தாடி, கண்ணில் தூக்கமில்லாத பரவசம். 'அங்கிள், ஒரு விஷுவல் நாவல் கேம் பண்றேன். கதை பிளான் ரெடி. நீங்கதான் படிச்சுட்டு ஒப்பீனியன் சொல்லணும்.'

கதை என்றதும் நான் காகிதத்தை எதிர்பார்த்தேன். அவன் திறந்து காட்டியது எக்ஸெல் ஷீட்.

எழும்பூரில் கிளம்பும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஒருவன் தூத்துக்குடிக்குப் போகிறான். விடிந்தால் அக்கா கல்யாணம். இரண்டு வருஷமாக அக்காவோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ராத்திரிப் பயணத்தில் ஏழு இடங்களில் ஆடுகிறவர் முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டில் ஒன்று. 'மொத்தம் 128 எண்டிங் அங்கிள்!' என்றான். லாட்டரியில் விழுந்த தொகையைச் சொல்வது போலிருந்தது.

முதல் முடிவு எங்கே என்று பார்த்தேன். செங்கல்பட்டு தாண்டியதும் வருகிறது. காபி வாங்குவதா, டீ வாங்குவதா?

'காபி வாங்கினா என்னப்பா ஆகும்?'

'எதிர் சீட்ல ஒரு பொண்ணைப் பார்ப்பான்.'

'டீ வாங்கினா?'

'பார்க்கமாட்டான்.'

'ஏன்?'

யோசித்தான். 'கோடிங்ல அப்படித்தான் வெச்சிருக்கேன் அங்கிள்.'

நிற்க. விஷுவல் நாவல் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பத்தி. ஜப்பான்காரர்கள் வளர்த்த வடிவம் இது. திரையில் ஒரு ஓவியம் பின்னணியாக நிற்கும். அதன்மேல் பாத்திரங்கள் வந்து நிற்பார்கள். கீழே ஒரு பெட்டியில் எழுத்து ஓடும். பின்னால் இசை, சில சமயம் குரல். நீங்கள் க்ளிக் செய்து படித்துக்கொண்டே போகவேண்டியது. துப்பாக்கி கிடையாது, கார் துரத்தல் கிடையாது. நாவல்தான். ஆனால், அவ்வப்போது கதை நின்று உங்கள் முகத்தைப் பார்க்கும். இப்போது என்ன செய்யலாம்? நீங்கள் சொல்கிற பதிலைப் பொறுத்துக் கதை வேறு பக்கம் திரும்பும். 2020 ஊரடங்கில் வேறு வேலையில்லாமல் நான் இதில் விழுந்தேன். இன்னும் முழுசாக எழுந்திருக்கவில்லை.

ஆக, பையன் வந்தது சரியான ஆளிடம்தான். ஆனால், நான் முதலில் போட்டது இலக்கியக் கணக்கல்ல, வெறும் கணக்கு. பி.காம் படித்தவன் புத்தி வேறெப்படிப் போகும்?

ஏழு திருப்பம், ஒவ்வொன்றிலும் இரண்டு வழி. முதல் திருப்பம்வரை ஒரு துண்டு. பிறகு இரண்டு, நாலு, எட்டு என்று பெருகிக் கடைசியில் 128. கூட்டினால் 255 துண்டுகள். துண்டுக்கு மூன்று பக்கம் என்றாலும் அவன் எழுதவேண்டியது 765 பக்கம். சரி, எழுதுகிறான் என்றே வையுங்கள். ஒருமுறை ஆடுகிறவர் இதில் எத்தனை பக்கம் படிப்பார்? எட்டே துண்டு. 24 பக்கம். மிச்சம் 741 பக்கமும் குடோனில் தூங்கும் சரக்கு. ஏழை இருபதாக்கினால் முடிவுகள் மட்டும் 10,48,576 வரும். ஒரு ஜென்மம் போதாது.

இது புதுப் பிரச்னை அல்ல. இந்த வடிவத்தில் கதை எழுத உட்கார்ந்த அத்தனை பேரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்கிற சுவர் இதுதான். தப்பிக்கிற வழியும் பழசுதான். பிரிகிற கிளைகளைக் கொஞ்ச தூரத்தில் மறுபடி ஒன்றாகச் சேர்த்துவிடுவது. முக்கொம்பில் பிரிகிற காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு கல்லணைக்குப் பக்கத்தில் மறுபடி நெருங்கி வருகிற மாதிரி. ஆனால், எந்த வழியாக வந்தீர்கள் என்பதைக் கதை மறக்காது. மளிகைக்கடை அண்ணாச்சியின் கடன் நோட்டு மாதிரி ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளும். சமயம் வரும்போது எடுத்து நீட்டும். இன்றைக்கு ரென்பை போன்ற இலவச மென்பொருள்களில் இந்த நோட்டுப் போடுவது ரொம்பச் சுலபம். பாத்திரம் பேசுகிற வசனத்துக்கு ஒரு வரி, குறித்து வைக்க ஒரு வரி. அவ்வளவுதான்.

எனவே, தொழில்நுட்பம் பிரச்னையே இல்லை. நோட்டில் எதைக் குறிப்பது என்பதுதான் பிரச்னை. காபி, டீ என்றா?

* * *

ஒரு நல்ல உதாரணத்திலிருந்து தொடங்கலாம். சுன்சாஃப்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் 1994ல் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக 'கமைதாச்சி நோ யோரு' என்றொரு விளையாட்டை வெளியிட்டது. கதை எழுதியவர் அபிகோ தாகெமாரு, துப்பறியும் நாவலாசிரியர். பனிமலையில் ஒரு தங்கும் விடுதி. வெளியே புயல். உள்ளே ஒரு கொலை. விருந்தினர்களில் ஒருவர்தான் கொலைகாரர். பாத்திரங்களுக்கு முகமே கிடையாது, எல்லோரும் நீல நிழல்கள். முகமில்லாத காரணத்தாலேயே எல்லோர்மீதும் சந்தேகம் வரும்.

இதில் என்ன விசேஷம் என்றால், கொலைகாரர் யார் என்று பட்டியலில் தேர்ந்தெடுக்க முடியாது. பெயரை நீங்களே எழுத்து எழுத்தாக உள்ளிட வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் ஒரே கொலையோடு போயிற்று. தடுமாறினால் இன்னொருவர் சாவார். இன்னும் தடுமாறினால் இன்னும் ஒருவர். நிறைய முடிவுகள் உண்டு. ஆனால், எழுதியவருடைய திட்டத்தில் அடிப்படையாக ஒரே ஒரு கணக்குதான். உங்கள் மந்தபுத்திக்கு இன்னொருத்தர் உயிர் விலை. ஆடுகிறவர் தோற்கும்போது 'அடச்சே' என்று சொல்லமாட்டார். சாப்பாட்டு மேஜையில் ஐந்து நிமிஷம் முன்னால் தன்னோடு ஜோக்கடித்துக்கொண்டிருந்த ஆசாமியை நினைத்துக் கொஞ்சம் கூசுவார்.

அதாவது, தேர்வு என்பது இரண்டு கதவு அல்ல. ஒரு கொடுக்கல் வாங்கல். இரட்டைப் பதிவு முறை படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே தீரவேண்டும். இரண்டு பக்கமும் டாலி ஆகாத பேரேட்டை எந்த ஆடிட்டரும் கையில் தொடமாட்டார்.

இந்தப் பேரேட்டை நான் பார்த்ததிலேயே சுத்தமாக எழுதிய விளையாட்டு 'ஸ்டைன்ஸ்;கேட்'. நடுவில் அரைப்புள்ளி அச்சுப்பிழை இல்லை, பெயரே அப்படித்தான். 5பிபி, நைட்ரோபிளஸ் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து 2009 அக்டோபரில் வெளியிட்டன. திட்டம் ஷிகுரா சியோமாரு, கதை எழுதியவர்களில் முதல்வர் ஹயாஷி நாவோதாகா. 2011ல் கார்ட்டூன் தொடராகவும் வந்து உலகம் சுற்றியது. தொடரைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். ஆடியவர்கள் அந்தளவு இல்லை. ஆடாதவர்கள் இழந்தது எது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

எச்சரிக்கை: கதையில் முக்கால்வாசியைச் சொல்லப்போகிறேன். கடைசிக் கால்வாசியைச் சொல்லமாட்டேன்.

* * *

டோக்கியோவில் அகிஹபாரா என்று ஒரு பேட்டை. எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கும் கார்ட்டூன் கடைகளுக்கும் பேர்போன இடம். நம்மூர் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பணமும் பைத்தியமும் பிடித்தால் அப்படி இருக்கும். அங்கே பழைய டிவி கடை ஒன்றின் மாடியில் ஒகாபே ரிந்தாரோ என்ற 18 வயதுக் கல்லூரி மாணவன் 'ஆராய்ச்சிக்கூடம்' வைத்திருக்கிறான். தன்னைப் பைத்தியக்கார விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டு திரிகிற வெட்டி ஆசாமி. கூட ஒரு கம்ப்யூட்டர் கில்லாடி நண்பன். மயூரி என்ற சின்ன வயதுத் தோழி. நம்மூர்ப் பெயர் இல்லை, ஜப்பானியப் பெயரேதான். பிறகு குரிசு என்ற நிஜ விஞ்ஞானிப் பெண்ணும் வந்து சேர்கிறாள்.

இவர்கள் மைக்ரோவேவ் அடுப்பையும் செல்போனையும் இணைத்து எதையோ செய்யப்போக, இறந்தகாலத்துக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிற வசதி வாய்த்துவிடுகிறது. ஒரு செய்திக்கு 36 பைட்தான் அளவு. ஜப்பானிய எழுத்தில் 18 எழுத்து. அதற்குள் சொல்லி முடிக்கவேண்டும். இந்த 36 பைட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது.

விளையாட்டின் முதல் பாதி முழுக்க இந்த அடுப்பைச் சுற்றியே அரட்டை. லாட்டரி எண்ணை முன்கூட்டி அனுப்பிப் பார்க்கிறார்கள். ஒரு இலக்கம் தப்பிப் பரிசு போகிறது. பிறகு ஒவ்வொருவராக வந்து, எனக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும் என்கிறார்கள். ஆணாகப் பிறந்த லூகாவுக்குப் பெண்ணாகப் பிறந்திருக்க ஆசை. ஃபேரிஸ் என்ற பெண் தான் அனுப்புகிற வரியை யாருக்கும் காட்டமாட்டேன் என்கிறாள். சுசுஹா என்பவள் அப்பாவைத் தேடி வந்தவள். அவளை ஒரே ஒருநாள் இருந்துவிட்டுப் போகச் செய்ய ஒகாபேவே ஒரு செய்தி அனுப்புகிறான். நல்ல எண்ணம்தான்.

எல்லாம் நடக்கிறது. லூகா பெண்ணாகிறாள். ஃபேரிஸின் அப்பா, பத்து வருஷம் முன்னால் செத்துப்போனவர், உயிரோடு வந்து கதவைத் திறக்கிறார். பேட்டையில் ஒரு கார்ட்டூன் கடை இல்லை. அத்தனையும் மறைந்து பழைய ரேடியோ பாகங்கள் விற்கிற தெருவாகிவிடுகிறது. ஏனென்றால், அந்தக் கடைகளை அங்கே கொண்டுவந்தவளே ஃபேரிஸ்தான். அப்பா இருக்கிற உலகில் அவளுக்கு அந்தத் தேவை வரவில்லை. இவை எதுவும் ஒகாபேயைத் தவிர வேறு யாருக்கும் ஞாபகமில்லை.

அப்புறம் ஒரு மாலை, மயூரி கொல்லப்படுகிறாள்.

ஒகாபே காலத்தில் பின்னால் போய்க் காப்பாற்றப் பார்க்கிறான். மறுபடி சாகிறாள். வேறு வழியில் கூட்டிக்கொண்டு ஓடுகிறான். சாகிறாள். பூட்டி வைத்தாலும் சாகிறாள். காரணம் மெல்லத்தான் தெரிகிறது. அனுப்பிய ஒவ்வொரு செய்தியும் உலகத்தைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறது. நகர்ந்துவந்து நிற்கிற இந்த உலகில் மயூரி பிழைக்க வழியே இல்லை. அவள் பிழைக்க வேண்டுமென்றால் அத்தனை செய்திகளையும் ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டே பின்னால் போகவேண்டும்.

இப்போது முதல் பாதியின் அரட்டைக்கு அர்த்தம் விளங்குகிறதா? அது அரட்டையல்ல, கடன் பட்டுவாடா. எல்லோருக்கும் கேட்டதைக் கொடுத்தாயிற்று. இரண்டாம் பாதி வசூல். கொடுத்தவனே வீடு வீடாகப் போய்த் திரும்பப் பிடுங்கவேண்டும்.

சுசுஹா எதிர்காலத்திலிருந்து கால இயந்திரத்தில் வந்தவள். 1975க்குப் போய் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கைப்பற்றுவது அவள் வேலை. அன்பாக ஒருநாள் நிறுத்தி வைத்தார்களே, அந்த ராத்திரி அடித்த புயலில் இயந்திரம் பழுதாகிவிட்டது. பழுதான இயந்திரத்தில் கிளம்பிப் போனவள் ஞாபகத்தை இழந்து, வந்த வேலையே மறந்து வருஷக்கணக்கில் வாழ்ந்து, எல்லாம் நினைவுக்கு வந்தபோது காலம் கடந்துவிட்டது. அதை ஒரு கடிதத்தில் எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்கிறாள். ஒரு ராத்திரி நட்புக்கு ஒரு ஆயுள் விலை. அந்தச் செய்தியை ரத்து செய்தால் அவள் பிழைப்பாள். ஆனால், இவர்களோடு சிரித்துப் பேசிய நாட்கள் அவளுக்கு நடந்திருக்கவே நடந்திருக்காது.

இந்த இடத்தில்தான் விளையாட்டு கதையை நிறுத்தி உங்கள் கையில் செல்போனைக் கொடுக்கிறது. மெனு கிடையாது. 'அ' வா, 'ஆ' வா என்று கேட்காது. போன் இருக்கிறது. செய்தி தயார். அனுப்பினால் கதை மேலே போகும். அனுப்பாவிட்டால் சுசுஹாவோடு கதை அங்கேயே முடிந்துவிடும். அதுவும் ஒரு முழு முடிவுதான்.

அடுத்தது ஃபேரிஸ். அப்புறம் லூகா. ஒவ்வொரு வாசலிலும் இதே போன், இதே கேள்வி.

கவனியுங்கள். இது மரமாகக் கிளைத்துப் பெருகுகிற கதையே இல்லை. ஒரே நேர்ச்சாலை. வழியில் சில நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் இறங்கிக்கொள்ளலாம். இறங்கினால் அந்த ஊரில் ஒரு வாழ்க்கை உண்டு. ஆனால், மயூரிக்கு அந்த ஊர்களில் ஒன்றிலும் பழைய இடம் இல்லை. மொத்தம் ஆறே முடிவுகள். எழுத்தாளருக்கு வேலை மிச்சம், குடோனில் தூங்கும் சரக்கு கிட்டத்தட்ட இல்லை. ஆனால், ஒவ்வொரு முறை போனைக் கையில் எடுக்கும்போதும் விரல் நடுங்குகிறது. 128ல் நடுங்காத விரல்.

கார்ட்டூன் தொடரில் இது கிடையாது. அதிலும் ஒகாபே கலங்குகிறான், அனுப்புகிறான், நாம் பார்க்கிறோம். பாவம் என்கிறோம். விளையாட்டில் அனுப்புவது நாம். பாவமும் நம்முடையது. ஒரே கதை, ஒரே ஆட்கள். பேரேட்டில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

* * *

ஃபேரிஸ் கட்டத்தில் நான் இரண்டு நாள் நின்றேன்.

சின்ன வயதில் ஒரு கோபத்தில் அப்பாவைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டாள். அவர் விமானம் ஏறினார். விமானம் விழுந்தது. அவள் அனுப்பிய ரகசியச் செய்தி, அவரை விமானம் ஏறவிடாமல் செய்ய ஒரு பொய். இப்போது அந்தப் பொய்யைத் திரும்பப் பெறவேண்டும். அதாவது, அப்பாவை மறுபடி விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். நீங்கள்தான் பட்டனை அழுத்த வேண்டும்.

2001ல் நான் பி.காம் முடித்தேன். அப்பா ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். என்னை சி.ஏ. சேரச் சொன்னார். நான் பத்திரிகைக்குப் போகிறேன் என்றேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச்சு வளர்ந்து, 'உங்களை மாதிரி அடுத்தவன் கணக்கை எழுதியே சாக எனக்கு இஷ்டமில்லை' என்று சொல்லிவிட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. மோர் சாதத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மறுநாளிலிருந்து வழக்கம்போலத்தான் பேசிக்கொண்டோம். என் முதல் கட்டுரை வந்த இதழை அவர்தான் கடைக்குப் போய் வாங்கிவந்தார். 2008ல் காலமானார். நடுவில் இருந்த ஏழு வருஷத்தில் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மூன்றாம் நாள் பட்டனை அழுத்தினேன். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இவ்வளவு தேவையா என்று கேட்டால், தேவையில்லைதான். ஆனால், நல்ல கதைத் திட்டம் என்பது இதைத்தான் செய்யும். அதன் பேரேட்டில் நம் பழைய பாக்கி ஒன்றும் எப்படியோ ஏறிவிடும்.

* * *

இவ்வளவு புகழ்ந்தாயிற்று, குறையையும் சொல்லியாகவேண்டும். மூன்று இருக்கிறது.

ஒன்று, முதல் பாதி நீளம். கடன் பட்டுவாடா என்று நான் வக்கீல் வேலை பார்த்தாலும், அதே ஜோக்கை இருபதாவது முறை கேட்கும்போது அலுக்கிறது. பாதியில் விட்டுவிட்டுப் போனவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

இரண்டு, லூகா. இந்த விளையாட்டிலேயே ஆகப்பெரிய ஆசை அந்தப் பிள்ளையுடையது. அது கைகூடி, பிறகு திரும்பப் பறிக்கப்படுகிறது. அதைவிடப் பெரிய பற்று எதுவும் இந்தப் பேரேட்டில் இல்லை. ஆனால், கதை நெடுக லூகாவை வைத்து 'இவ்வளவு அழகு, ஆனால் பையனாம்' என்கிற ரகக் கேலிதான் அதிகம். ஃபேரிஸின் கண்ணீருக்குக் கொடுத்த மரியாதையில் பாதிகூட இங்கே இல்லை. ஒருவரைக் கேலிப்பொருளாகவே வைத்திருந்துவிட்டு, கடைசியில் அவருடைய தியாகத்துக்கு மட்டும் வயலின் வாசித்தால் எப்படி?

மூன்றுதான் முக்கியம். கதையின் உண்மையான முடிவு, நான் சொல்லமாட்டேன் என்றேனே, அது எல்லோருக்கும் கிடைக்காது. அதைத் தீர்மானிப்பது அந்தக் கனமான செல்போன் வாசல்கள் மட்டும் அல்ல. குரிசு அவ்வப்போது அனுப்புகிற சாதாரணக் குறுஞ்செய்திகளுக்கு நீங்கள் எந்த வார்த்தையைத் தொட்டுப் பதில் போட்டீர்கள் என்பதும் சேர்ந்துதான். விளையாட்டுப் பேச்சுக்கு விளையாட்டாகப் போட்ட பதில். அதில் ஏதோ ஒன்று தவறினால் முடிவு மாறிவிடும். தவறியது எது என்று கடைசிவரை தெரியாது. யாரோ எழுதிவைத்த வழிகாட்டியைப் பார்த்தால் உண்டு. நான் பார்த்துத்தான் ஆடினேன்.

இதற்கு ரசிகர்கள் ஒரு சமாதானம் சொல்வார்கள். வாழ்க்கையிலும் சின்னச் சின்ன வார்த்தைகள்தானே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன? உண்மை. மேலே சொன்ன மோர் சாதத்துக்குப் பிறகு இதை நான் மறுக்க முடியாது. ஆனால், எனக்கு எந்த வாக்கியம் என்று தெரியும். இங்கே தெரிவதில்லை. விலை பெரிதாக இருக்கலாம், தாமதமாகவும் வரலாம். பில்லே கொடுக்காமல் பணம் பிடுங்கக்கூடாது. இவ்வளவு நேர்மையாகக் கணக்கு எழுதியவர்கள் கடைசிப் பக்கத்தை மட்டும் மறைத்து வைத்தது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தவர்களும் உண்டு. டைப்மூன் நிறுவனம் 2004ல் வெளியிட்ட 'ஃபேட்/ஸ்டே நைட்'டில் மூன்று பெரிய பாதைகள். எழுதியவர் நாசு கினோகோ. மூன்றையும் அவர் சொல்கிற வரிசையில்தான் ஆடமுடியும். முதல் பாதையில் நாயகன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற லட்சியத்தை இரண்டாம் பாதை கேள்வி கேட்கிறது, மூன்றாம் பாதை விலை கேட்கிறது. வாசகருக்குச் சுதந்திரம் குறைவு, கணக்கு தெளிவு. 2002ல் தொடங்கிய 'ஹிகுராஷி' இன்னும் ஒரு படி மேல். தேர்வே கிடையாது. க்ளிக் செய்து படித்துக்கொண்டே போகவேண்டியதுதான். ஆனாலும், ஒரே கிராமத்துக் கதையை வேறு வேறு விதமாகத் திரும்பத் திரும்பச் சொல்லி, எங்கே தவறு நடந்தது என்று நம்மையே தேட விடுகிறது.

நம் ஆட்கள் சமைத்த ஒன்றும் இருக்கிறது. கனடாவில் டொரான்டோ நகரிலிருந்து 2023ல் வந்த 'வெண்பா'. விஷுவல் நாவல் என்று கறாராகச் சொல்லமுடியாது, பாதி சமையல். எண்பதுகளில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம். அம்மாவாக இட்லி ஊற்றுகிறோம், கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து அடுத்து என்ன என்று ஊகிக்கிறோம். பையன் வளர வளரத் தமிழிலிருந்து விலகிப் போகிறான். ஒரு கட்டத்தில் விளையாட்டு அம்மாவிடமிருந்து நம்மைப் பிடுங்கி அந்தப் பையனாக்கிவிடுகிறது. முதல் நாள் அம்மா பக்கம் உட்கார்ந்து வருத்தப்பட்டவர்கள் இப்போது வருத்தப்பட வைத்தவன் இடத்தில் நிற்கவேண்டும். கிளைகளைப் பெருக்காமலே, யார் கணக்கில் எழுதுவது என்பதை மட்டும் மாற்றி இதைச் சாதிக்கிறார்கள்.

* * *

பையனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பொறுமையாகக் கேட்கிற வயதில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.

'உன் ஹீரோவும் அக்காவும் ரெண்டு வருஷமா ஏன் பேசலை?'

'அது பேக்ஸ்டோரி அங்கிள். இன்னும் முடிவு பண்ணலை.'

'அதை முடிவு பண்ணு முதல்ல. மிச்சம் தானா வரும்.'

முகம் வாடித்தான் போனான். போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான். தாடி எடுத்திருந்தான். இந்த முறை எக்ஸெல் இல்லை, நாலு பக்கம் கையெழுத்து. முடிவுகள் மூன்று. காபி, டீ இல்லை. அக்கா படிப்புக்கு வைத்திருந்த பணத்தில் தம்பி எஞ்சினியரிங் சேர்ந்தான், அதிலிருந்துதான் பேச்சில்லை. ராத்திரி ஒரு மணிக்கு, ரயில் எங்கோ சிக்னலில் நிற்கும்போது, அக்காவிடமிருந்து போன் வருகிறது. எடுப்பதா வேண்டாமா? எடுத்தால் அவள் கேட்கப்போவது அவனால் கொடுக்க முடியாத ஒன்று. எடுக்காவிட்டால் விடிந்து மண்டபத்தில் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். இது கதைதானா, இல்லை வேறு எதுவுமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அவனுக்கு ஒரு அக்கா இருப்பது எனக்குத் தெரியும்.

'எப்படி இருக்கு அங்கிள்?'

'டாலி ஆகுது' என்றேன்.

அவன் போனபிறகு ஒரு காரியம் செய்தேன். இன்றைய கம்ப்யூட்டரில், யூனிகோடில், ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். மெய்யெழுத்தின் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனிக் குறியாகக் கணக்கில் சேரும். 36 பைட் என்றால் 12 குறி. அதற்குள் 2001க்கு ஒரு செய்தி அனுப்பலாம் என்றால் என்ன அனுப்புவது என்று எழுதிப் பார்த்தேன். 'மன்னிச்சிடுங்க' என்பது 42 பைட் வருகிறது. ஆறு அதிகம், போகாது. 'மன்னியுங்கள்' மிகச் சரியாக 36. போகும்.

ஆனால், எங்கள் வீட்டில் அப்பாவிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. என்ன இது பாஷை என்று சிரித்திருப்பார்.